ஆளுக்கொரு முனை

கடையின் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு முதல் வாய் டீ குடிப்பதற்குள் குக்கர்காரர் போனில் தன் சாவுச் செய்தியைப் படித்துவிட்டார். ஒரு சாவு என்றால் பரவாயில்லை. ஆளாளுக்கு ஒரு சாவு எழுதியிருந்தார்கள்.

'அந்தப் புருஷனை லாரியில அடிச்சுப் போட்டுடுங்க மேடம், கதை தானா சூடு பிடிக்கும்' என்று ஒருவர். 'லாரி எல்லாம் பழசு. தூக்கத்துலயே மாரடைப்பு வந்து போயிடட்டும், பாவம், நல்ல மனுஷன்' என்று இரக்கமுள்ள இன்னொருவர். கண்ணீர்த்துளி என்ற பெயரில் எழுதுகிறவர் மட்டும் தொழில் தெரிந்தவராக இருந்தார். 'அவர்தான் குக்கர் ரிப்பேர்காரர் ஆச்சே. குக்கரே வெடிச்சுப் போய்ச் சேர்ந்தா பொருத்தமா இருக்கும்.' அதற்குக் கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக நின்றன.

குக்கர்காரர் டீயைக் கீழே வைத்தார். குக்கர் ஏற்கெனவே ஒருமுறை வெடித்திருக்கிறது. நெஞ்சிலும் விலாவிலும் இரண்டு கைகளிலும் அதன் தழும்பு இன்னும் வழவழவென்று இருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் முழுசாக மடங்காது. அன்றைக்குப் பிழைத்து வந்தவரை இன்றைக்குக் கதையில் கொல்ல வேண்டுமென்று முகம் தெரியாதவர்கள் கூடி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதையை எழுதுவது அவருடைய மனைவிதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. எழுத்துக்கும் அவளுக்கும் அதுவரை உறவு கிடையாது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தட்டித் தட்டி எழுத ஆரம்பித்தாள். கதைகள் போடுகிற ஒரு செயலியில் அது வாராவாரம் வந்தது. கதையின் பெயர் 'நெட்டையும் குட்டையும்'.

குட்டை என்பது அவள்தான். நெட்டை அவளோடு விரிப்பு மடிக்கிறவர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அகலம் அப்படி. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எதிரெதிரே நிற்க வேண்டும். ஒரு உதறல். துணி நடுவில் படார் என்று சத்தம் போட்டுச் சுருக்கம் விடும். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இழுத்துப் பிடித்து இன்னொரு மடிப்பு. பிறகு ஒருவர் நடந்து வந்து தன் முனைகளை மற்றவர் கையில் சேர்த்துவிட்டு, தொங்குகிற மடிப்பைக் குனிந்து பிடித்து நிமிர வேண்டும். மேஜையில் அடுக்கு. அடுத்தது. இதைத்தான் அவர்கள் இருவரும் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து செய்துகொண்டிருந்தார்கள். அவர் வாசல் நிலையில் இடிக்கிற உயரம். அவள் மேல் அலமாரிக்கு முக்காலி தேடுகிற உயரம். அவர் கொஞ்சம் குனிவார், இவள் கொஞ்சம் எக்குவாள். விரிப்பு மட்டும் மட்டம் பிடித்தது மாதிரி நேராக நிற்கும்.

அவள் எழுதியதில் அதிகம் ஒன்றும் நடக்காது. மேற்பார்வையாளரின் சிடுசிடுப்பு, உலர்த்தும் மெஷினின் புழுக்கம், சாப்பாட்டு டப்பாவை யார் முதலில் திறப்பது என்ற சண்டை, மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் நெட்டை சொன்ன மட்டமான ஜோக்கு. எந்தச் சலவைக்கூடத்திலும் இருக்கக்கூடியவைதான். ஆனாலும் படித்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'ஒவ்வொரு மடிப்புக்கும் கை படும். நாளெல்லாம் படும். கதவுப் பிடியைத் தொடுகிற மாதிரிதான் அது.' வாசகர்கள் முதல் இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்து, ரோஜாப்பூ வைத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். கதவுப் பிடியை விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரே பாட்டு. எப்போது சேர்த்து வைப்பீர்கள், எப்போது சேர்த்து வைப்பீர்கள். கொஞ்சம் நிதானமானவர்கள், 'காதல் இல்லைன்னா அண்ணன்னு ஒரு வார்த்தை கூப்பிட வெச்சுடுங்க, எங்களுக்கும் நிம்மதி' என்று பேரம் பேசினார்கள்.

"எதுக்கு அண்ணன்?" என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சீறினாள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். ஒண்ணே போதும், தாங்கல. இவன் நெட்டை. என் கூட மடிக்கிறவன். அதுக்கு மேல என்ன பேரு வேணுமாம்?"

இதுவரைக்கும் வேடிக்கைதான். இதற்குப் பிறகு நடந்ததற்குக் காரணம் வாசகர்கள் அல்ல, சாட்சாத் குக்கர்காரரே. கடையில் வேலை இல்லாத ஒரு மதியம், எல்லார் சந்தேகத்தையும் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, மடங்காத விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். 'வாசகர்களுக்கு வணக்கம். கதையில் வரும் புருஷன் நான்தான். நலமாக இருக்கிறேன். குக்கர், அடுப்பு பழுது பார்க்கிறேன். நெட்டை எங்கள் வீட்டுக்குத் தூண் மாதிரி. நாளைக்கே எனக்கு ஒன்று ஆனாலும் என் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அவருக்கு நான் நிறையக் கடமைப்பட்டவன்.' இரண்டு முறை படித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அனுப்பிவிட்டு ஒரு அடுப்பின் அடைப்பை எடுக்கப் போனார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. 'புருஷனே வாயால சொல்லிட்டார்!' 'சம்மதம் கிடைச்சாச்சு, இனி என்ன தடை?' 'விட்டுக்கொடுக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும் சார்.' மாலைக்குள் அவரைத் தியாகி ஆக்கிவிட்டார்கள். தியாகி என்றால் அடுத்தது சாவுதானே. அப்படித்தான் லாரி வந்தது, மாரடைப்பு வந்தது, குக்கர் வந்தது.

அதோடு விட்டிருந்தாலும் போகிறது. இது நிஜக் கதை, நிஜ மனிதர்கள் என்று தெரிந்துபோனதும் ஆஸ்பத்திரியிலேயே கதை படிக்கிற யாரோ ஒருவர், சலவைக்கூடத்தின் கண்ணாடி வழியாக இருவரையும் படமெடுத்துவிட்டார். நடுவில் விரிப்பு, இந்த முனையில் குட்டை, அந்த முனையில் நெட்டை, விரிப்பின் மேல் பெரிய சிவப்பு இதயம். வார்டு வார்டாக அந்தப் படம் சுற்றியது. மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, உங்களை யாருப்பா அங்க போயி எழுதச் சொன்னது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நெட்டை நேராக மேற்பார்வையாளரிடம் போய், தன்னை ஈரப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஈரப் பக்கம் என்பது சாதாரண மாற்றம் இல்லை. அழுக்குத் துணி வந்து இறங்குகிற பக்கம் அது. காய்ந்த பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் கூரை வரைக்கும் சுவர். கிருமி தாண்டக்கூடாது என்பதால் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. வாசல் வேறு, உடை வேறு, சாப்பிடுகிற அறைகூட வேறு. துணி மட்டும் மெஷினின் அந்த வாயில் போய் இந்த வாயில் வரும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நெட்டை இல்லாமல் போய்விட்டார். போனையும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதும் நின்றுவிட்டது.

அந்த வாரமெல்லாம் விடாத தூறல். வீட்டுக்குள் கட்டிய கொடியில் துணிகள் காயாமல் ஒருவித வாடையோடு தொங்கின. மனைவி வேலை முடிந்து வந்து, குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?" என்றார் குக்கர்காரர்.

"புதுசா ஒருத்தியைக் குடுத்திருக்காங்க. நல்ல பொண்ணுதான். ஆனா நான் இழுக்கும்போது விட்டுடறா, நான் விடும்போது இழுக்கறா. தோள்பட்டை கழண்டு போகுது. அடுக்கு பாதியிலயே சாயுது. இன்னிக்கு ரெண்டு தடவை சரிஞ்சு விழுந்துச்சு."

"பழகிடுவா."

"பழகுவா." அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கதையை நிறுத்திடப் போறேங்க. அழிச்சிடப் போறேன்."

"எதுக்கு?"

"எழுதினதாலதானே இவ்வளவும்?"

"எழுதினதால இல்ல. நான் வாயை வெச்சதால."

"அதுவும்தான்" என்றாள். ஆறுதலுக்காகக்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை. அதுதான் அவள்.

அவள் எழுந்து கொடியில் தொங்குகிற துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள்.

"புருஷனைப் பத்தின்னா எழுதலாம். காதலனைப் பத்தின்னா கேக்கவே வேணாம், வரிஞ்சு கட்டிக்கிட்டுப் படிப்பாங்க. கூட வேலை செய்யுற ஒருத்தன் நல்லவனா இருக்கான், அவன் எதிர்ல நின்னா வேலை பாரமாவே தெரியலை. இதை எங்க போயிச் சொல்றது? சொல்லணும்னு தோணுச்சு. அதுக்காகத்தானே எழுதினேன். அதை எடுத்து என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாருங்க. இப்ப அந்தப் போட்டோவைப் பாத்தா எனக்கே என் கை மேல கூச்சமா இருக்கு."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் குக்கர்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உருளைக்கிழங்கை நறுக்கித் தருகிறேன் என்று சொல்லிக் கத்தியோடு அடுப்படிக்குள் போய்விட்டார்.

நறுக்கும்போது அவருக்கு வார்டு நினைவு வந்தது. வால்வு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ புத்திசாலி ஒரு திருகாணியை முடுக்கி வைத்திருந்த குக்கர் அது. அதை அடுப்பில் ஏற்றிப் பார்த்தபோதுதான் வெடித்தது. தீக்காய வார்டில் படுத்தவருக்கு மருந்தைவிட, ஊசியைவிட, விரிப்பு மாற்றுவதுதான் நரகம். மடித்த விரிப்பை விரிக்க வேண்டும், உடம்பின் அடியில் இழுக்க வேண்டும். இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் தோலும் கூடவே போகிறது மாதிரி இருக்கும். அவர் போட்ட கூச்சலில் பக்கத்துப் படுக்கைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

சில நாளில் அது மாறியது. விரிப்பு வேறு மாதிரி வர ஆரம்பித்தது. பாதி மடிப்பாக, பாதி சுருளாக. நர்ஸ் சுருளை அவர் முதுகோரம் வைத்து ஒரே ஒரு தடவை அவரைப் புரட்டுவாள். சுருள் தானாக மறுபக்கம் அவிழும். இழுப்பே கிடையாது. "கீழேயிருந்து உங்களுக்குன்னே தனியா சுத்தி அனுப்பறாங்க" என்றாள் நர்ஸ். மனைவி லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். அப்படியென்றால் கீழே இன்னொரு முனையை யார் பிடித்தார்கள்? உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு நெட்டையிடமே கேட்டார். "கதவுப் பிடியில ஒரு முனையை மாட்டிட்டு இந்தப் பக்கம் நான் நின்னேன், டாக்டரே. ஷிஃப்ட் முடிஞ்சா எவன் நிப்பான்? கதவு நல்ல ஆளு, பேசாது" என்று சிரித்தார். குக்கர் டாக்டர் என்று கேலியாக ஆரம்பித்து டாக்டரே என்று நிலைத்துவிட்டது.

அந்த விரிப்புகளின் மேல் படுத்துத்தான் அவர் பிழைத்தார். இன்றைக்குக் கத்தி பிடிக்கிற கை அதனால்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த மனிதர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தக்கறைத் துணியை அள்ளிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்குக் காரணம் தான் எழுதிய நன்றிதான். இதை நினைத்தால் கிழங்கு சரியாக நறுக்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் கொஞ்சம் வெளுத்தது. குக்கர்காரர் ரப்பர் வளையங்கள் சிலதையும் ஒரு வால்வையும் பையில் போட்டுக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குக் கிளம்பினார். போவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா? குக்கர் இல்லாத வீடும் கிடையாது, ரப்பர் தேயாத குக்கரும் கிடையாது.

நெட்டை கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், என் நீளத்துக்குக் கட்டில் கிடைக்கலை என்பார். மாடியில் இரண்டு அறை வீடு. கூட இருப்பது அவருடைய அக்கா. சீக்கிரமே புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்டவர். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். கதவைத் திறந்ததும், "வாங்க தம்பி. அவன் ரொட்டி வாங்கப் போயிருக்கான். உள்ள வாங்க, செருப்பு ஈரமா இருந்தாப் பரவால்ல" என்றார்.

"உங்க குக்கர் ரப்பர் தேஞ்சிருக்கும்னு நினைச்சேன், அக்கா."

"தேஞ்சுதான் இருக்கு. ரொம்ப நாளா விசிலே வர்றதில்ல, சும்மா பெருமூச்சு விட்டுக்கிட்டுக் கிடக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாக்கை, அதாவது குக்கரை, அவர் கையிலேயே கொண்டுவந்து வைத்தார்.

குக்கர்காரர் தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். ரப்பர் கல்லாகிப்போயிருந்தது. வெயிட் போடுகிற துவாரத்தில் பருப்பு காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்து, புது வளையம் மாட்டிக் கொடுத்தார். அக்கா அதில் பருப்பை ஏற்றிவிட்டு, பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டே, தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, ஈரப் பக்கத்து மருந்து வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரை உட்காரவைத்து, வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் தட்டில் சோறு போட்டார்.

"எல்லாம் அந்தக் கதை படிக்கிறவங்களால வந்த வினை, அக்கா" என்றார் குக்கர்காரர், முதல் கவளம் உள்ளே இறங்கியதும் கோபம் வெளியே வர. "ஒரு ஆம்பளையும் பொம்பளையும் எதிரும் புதிருமா நின்னுட்டா இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சே ஆகணும். கல்யாணத்துக்கு இடைஞ்சலா இருந்தா என்னைக் கொன்னே ஆகணும். அதுலயும் கண்ணீர்த்துளின்னு ஒருத்தி. குக்கர் வெடிச்சுச் சாகணுமாம் நான். பொருத்தமா இருக்குமாம். பட்டவனுக்குத்தானே வலி தெரியும்? அவ மட்டும் என் கையில கிடைச்சா..."

அக்கா பொரித்த முட்டையைக் கரண்டியோடு எடுத்துவந்து அவர் தட்டில் வைத்தார்.

"கிடைச்சுட்டா. சாப்பிடுங்க" என்றார்.

குக்கர்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். தண்ணீர் குடித்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களா?"

"நான்தான். எனக்கு என்ன கற்பனையா வரும்? தெரிஞ்சதைத்தானே எழுத முடியும். உங்களுக்கு நெஜமா வெடிச்சுது, அதான் கைக்கு வந்துச்சு. எழுதி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. அழிக்கத் தெரியல, தம்பி. எந்தப் பட்டனைத் தட்டினாலும் கைதட்டுற பொம்மைதான் வருது."

"அக்கா, நான் உயிரோட உங்க முன்னால உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"நல்லா சாப்பிடுங்க. நெஜத்துல உங்களுக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது. கதையில மட்டும் செத்துடுங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தார், முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கு முன்ன மாதிரி இல்ல, தம்பி. படி ஏறினா மூச்சு வாங்குது. நான் போயிட்டா இவனுக்கு யாரு? சாப்டியான்னு கேக்க ஒரு ஆளு வேணாமா? கட்டிக்கவும் இல்ல, பெத்துக்கவும் இல்ல. அந்தக் கதையைப் படிச்சா, அடடா, இவனுக்கும் ஒருத்தி இருக்காளேன்னு மனசு குளுந்து போகும். கதையிலயாவது சேர்ந்துடட்டும்னு ஒரு ஆசை. குறுக்க நீங்க உக்காந்திருந்தீங்க. தள்ளிவிடப் பாத்தேன். அவ்வளவுதான்."

குக்கர்காரருக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளாகத் தன்னைக் கொல்லத் துடித்த முகம் தெரியாத எதிரி, தம்பியை நினைத்துத் தூக்கம் போன ஒரு அக்கா. லாரிக்காரரும் மாரடைப்புக்காரரும்கூட இப்படி யாரோ ஒருவருக்காக அழுகிறவர்களாக இருக்கலாம்.

"அவருக்கு ஒருத்தி வேணும்னு பாக்குறீங்க. ரெண்டு பேர் இருக்கோமே, அக்கா" என்றார். "ஞாயித்துக்கிழமை ஆனா சாப்டீங்களான்னு கேக்குறது யாரு? போன வருஷம் அவருக்குக் கால் சுளுக்கினப்ப தூக்கிக்கிட்டு இந்தப் படி ஏறினது யாரு? கதையில கட்டி வெச்சுட்டா ஒருத்திதான் கிடைப்பா. கணக்குல உங்களுக்குத்தான் நஷ்டம்."

அக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவரையும் பேச்சில் ஒருவர் நிறுத்தியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் பின்பக்கம் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. குக்கர்காரருக்கு அந்தச் சத்தம் தெரியும். ரொட்டி வாங்கப் போன நெட்டை, உள்ளே விருந்தாளியின் குரலைக் கேட்டு, பின்படி வழியாக ஏறிப் பின்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தார். வெயில் வந்ததில் காய்ந்த பெரிய விரிப்பு ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து, ஒரு முனையைக் கதவுப் பிடியில் மாட்டி, மறுமுனையில் நின்று உதறிக்கொண்டிருந்தார். ரொட்டிப் பொட்டலம் சுவரின் மேல் இருந்தது.

"கதவு நல்ல ஆளுதான். ஆனா எத்தனை நாளைக்கு அதோடயே மடிப்பீங்க?" என்றார் குக்கர்காரர், கையைத் துடைத்துக்கொண்டு.

நெட்டை திரும்பவில்லை. "டாக்டரே, நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு மன்னிப்பு? தூண் மாதிரின்னு எழுதியிருந்தீங்க. என்னைப் பத்தி யாரும் அப்படி எழுதினது கிடையாது. மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு அழுதேன். சந்தோஷத்துல. அப்புறம் அதுக்குக் கீழ இருந்ததை எல்லாம் படிச்சேன். படிச்சதும், நான் அழுததே தப்போன்னு ஆயிடுச்சு."

குக்கர்காரர் வராந்தாவில் அவர் பக்கம் நடந்து வந்தார்.

"எனக்கென்ன, ஒண்டிக்கட்டை" என்று நெட்டை தொடர்ந்தார். "நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒரு இடம் பேசும்போது அந்தப் போட்டோவை எவனாவது எடுத்து நீட்டுவான். அப்ப என்ன சொல்லுவீங்க?"

"ரெண்டு பேரும் எவ்வளவு நேரா மடிக்கிறாங்க பாத்தீங்களான்னு கேப்பேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடல. ஒண்ணுமே இல்லாத இடத்துல நீங்க எதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடணும்? நீங்க ஓடுறதைப் பாத்துத்தான் ஏதோ இருக்குபோலன்னு வார்டுல பேசுவாங்க. அவங்க எழுதினது பொய். அதை நீங்க போய் நெஜமாக்கித் தர்றீங்க." அவர் கதவுப் பிடியில் கை வைத்தார். "அங்க அவளுக்குத் தோள்பட்டை போச்சு. அடுக்கு சாயுதாம். வீட்டுல பேச்சே இல்ல. எனக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பறிகொடுத்த மாதிரி இருக்கு. கதவை விடுங்க. அந்த முனையைக் குடுங்க."

பிடியிலிருந்து விரிப்பைக் கழற்றித் தானே பிடித்துக்கொண்டார். நெட்டை தன் முனையை இழுத்தார். மடங்காத விரல்கள் வழியாகத் துணி நழுவி விழுந்தது. எடுத்தார். நெட்டை மறுபடி இழுத்தார். மறுபடி நழுவியது.

"கட்டைவிரலை உள்ள குடுங்க, டாக்டரே. பிடிக்காதீங்க, சுருட்டிக்குங்க. ஆங். இப்ப உதறுங்க. நான் உதறும்போது இல்ல, கூடவே. என்ன மனுஷன் நீங்க? குக்கர் மூடி திறக்கிற மாதிரி இழுக்கிறீங்களே."

"சொல்லிக்குடுத்தாத்தானே வரும்?"

ஒரு வழியாக நீளவாக்கில் இரண்டு மடிப்பு வந்தது. கோணல்தான். குக்கர்காரர் நடந்துபோய்த் தன் முனைகளை நெட்டையின் கையில் சேர்த்தார். அக்கா கதவுக்கருகே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாத்துக்குங்க" என்றார் குக்கர்காரர், முனையை விடாமல். "எங்க ரெண்டு பேர் கையும் பட்டுடுச்சு. எப்ப கல்யாணம்னு கேட்டு நீங்களும் எழுதிடலாம்."

முதலில் வெடித்தது நெட்டைதான். அந்த உயரம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்தது விரிப்பால் என்பதால் அக்கா, "துவைச்ச துணிடா, டேய்!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அவரும் அழுதார். உள்ளே புது ரப்பர் போட்ட குக்கர் வெகு நாளைக்குப் பிறகு முதல் விசிலை அடித்தது.

கிளம்பும்போது அக்கா படிவரைக்கும் வந்தார். "கண்ணீர்த்துளி யாருன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, தம்பி. என்னை மதிச்சு வெச்சிருக்கா."

"சொல்ல மாட்டேன்."

"அவன்கிட்டயும்."

"சாப்பிட்ட சோத்து மேல சத்தியம்" என்றார் குக்கர்காரர்.

மறுநாளே நெட்டை காய்ந்த பக்கத்துக்குத் திரும்ப மாற்றக் கேட்டதற்கு மேற்பார்வையாளர் கொஞ்சம் முறைத்தாராம். ஆனால் சரிகிற அடுக்குகளைப் பார்த்து அவரும் வெறுத்துப்போயிருந்ததால், போய்த் தொலை என்று விட்டுவிட்டாராம். இது குக்கர்காரருக்குப் பின்னால்தான் தெரியும். திங்கட்கிழமை மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தோளைத் தேய்க்கவில்லை என்பதுதான்.

"இன்னிக்கு அடுக்கு நேரா நின்னுச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, அவருடைய தழும்புக் கையைப் பிடித்து அந்த இரண்டு விரல்களையும் கொஞ்ச நேரம் அழுத்தினாள். "விரிப்பைக் கையில பிடிக்கவே தெரியலையாமே உங்களுக்கு? வயிறு வலிக்கச் சிரிச்சான்" என்றாள். எத்தனையோ வருஷத்துக் கல்யாணத்தில் அதைவிடப் பெரிய நன்றியை அவள் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை.

கதையை அவள் அழிக்கவில்லை. கடைசி வாரத்தை எழுதி முடித்து, போடுவதற்கு முன்னால் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதில் யாரும் சாகவில்லை, யாரும் சேரவில்லை. இரண்டு பேர் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறார்கள். ஷிஃப்ட் முடிகிறது. வாசலில் புருஷன் குடையோடு நிற்கிறான். குடைக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். அதனால் மூன்று பேரும் குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்துகொண்டே நடக்கிறார்கள்.

மறுநாள் கடையைத் திறந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குக்கர்காரர் போனைப் பார்த்தார். திட்டுத்தான். 'ஏமாத்திட்டீங்க மேடம்.' 'இதுக்கா இத்தனை வாரம் காத்திருந்தோம்?' 'ரெண்டாம் பாகத்துல சேர்த்து வைக்கலைன்னா படிக்க மாட்டோம்.' லாரிக்காரர் மிகவும் மனம் உடைந்திருந்தார். குக்கர்காரர் அவரவர் கஷ்டம் அவரவருக்கு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். இவர்களும் இல்லாவிட்டால் இந்தக் கதையை யார் படித்திருப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் அடியில், கைதட்டுகிற பொம்மை எதுவும் இல்லாமல், கண்ணீர்த்துளி எழுதியிருந்தார்.

'அந்தப் புருஷனுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். குக்கர் இப்பல்லாம் நல்லா விசில் அடிக்குது.'